பீடோரில் வீட்டு மனை: மண்ணில் ரேடான் பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டுமா?

குட்டைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவி, அப்புறம் செம்பனைக் குலை அறுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய சேமநிதியோடு என் சேமிப்பையும் சேர்த்து, மலேசியாவில் பேராக் மாநிலத்தின் பீடோருக்கு வெளியே ஒரு மனை வாங்கியிருக்கிறோம். 60க்கு 80 அடி. மேல்பாதி பழைய ரப்பர் தோட்டத்துச் செம்மண். கீழ்ப்பாதி ஈயக்குட்டை (வெள்ளீயம் தோண்டிய பழைய பள்ளம்) ஓரத்து வெள்ளை மணல், நடந்தால் கால் புதையும். அடுத்த மாதம் தரைக்குக் கான்கிரீட் ஸ்லாப் போடுவதாக இருக்கிறோம்.

சித்தப்பா மகன் செக் நாட்டில் இருக்கிறான். நிலம் வாங்கியதைச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி, “மண்ணில் ரேடான் பார்த்தாச்சா அண்ணே?” என்பதுதான். அங்கே புது வீடு கட்டுவதற்கு முன் மனையின் ரேடான் சுட்டெண்ணை அளந்து காட்ட வேண்டுமாம். நம் ஊரில் ஆள் வைத்துச் சாமி கும்பிட்டுக் கடைக்கால் தோண்டுவோம், அவ்வளவுதான். இதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேண்டிய விஷயமா, இல்லை குளிர்நாட்டுக்காரர்களின் கவலையா?

பழைய கிராணி:

தம்பி, நான் 60 வருடம் லயத்திலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டிலும் இருந்தவன். எங்கள் காலத்தில் மலேரியா இருந்தது, பாம்பு இருந்தது, துரை இருந்தார். ரேடான் இல்லை. வீட்டை நல்ல உயரமாகக் கட்டுங்கள், வெள்ளம் வரும் இடம் அது.

மண்துளை:

ஐயா சொல்வதில் அவருக்கே தெரியாமல் ஒரு நியாயம் இருக்கிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

நான் மண்ணியல் படித்துவிட்டுக் கட்டுமானத்துக்கு மண் துளைத்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ரேடான் என் அன்றாட வேலை இல்லை. படிக்கும்போது ஒரு பருவம் முழுக்க இதற்காகக் கம்பியும் சுத்தியலுமாக அலைந்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

மண்ணிலும் கல்லிலும் துளித்துளியாக யுரேனியம் இருக்கும். அது சிதைந்து சிதைந்து ரேடியமாகி, ரேடியத்திலிருந்து ரேடான் 222 வருகிறது. நிறமில்லை, வாசனையில்லை. அரை ஆயுள் 3.8 நாள். வாயு என்பதால் மண் துகள்களின் இடுக்கு வழியாக மேலே ஏறும். வெளியே வந்தால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். மேலே ஒரு வீடு இருந்தால் ஸ்லாப் விரிசலிலும் குழாய் நுழையும் ஓட்டையிலும் புகுந்து அறைக்குள் தங்கும். வாயுவை நாம் மூச்சில் இழுத்து விட்டுவிடலாம், அது சிதைந்து பிறக்கும் பொலோனியம்தான் நுரையீரலில் ஒட்டிக்கொள்கிறது. 1988இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தினார்கள். நுரையீரல் புற்றுநோய்க் காரணங்களில் புகைக்கு அடுத்த இடம் இதற்கு. வீட்டுக்குள் கன மீட்டருக்கு 100 பெக்கரலை (ஒரு பெக்கரல் என்றால் வினாடிக்கு ஓர் அணுச் சிதைவு) தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் 300ஐத் தாண்டவே கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் சொன்னது.

பீடோரில் கேட்க வேண்டிய கேள்வியா என்றால், ஆமாம். ஊருக்குக் கிழக்கே நிற்கும் தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல். ஈயம் தந்த அதே கருங்கல்தான் யுரேனியத்தையும் தோரியத்தையும் கூடுதலாகச் சுமந்திருக்கிறது. ஐநாவின் கதிர்வீச்சு அறிவியல் குழு 2000இல் தொகுத்த அட்டவணையில் மலேசிய மண்ணின் சராசரி ரேடியம் கிலோவுக்கு 67 பெக்கரல். உலக நடுமதிப்பு 35. தோரியம் இங்கே 82, உலகில் 30.

டிக்டிக்:

ஆன்லைனில் வாங்கிய கைகர் கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தாப்பா வரை வருகிறேன், மனையைச் சுற்றி வந்து பார்த்துவிடலாமா? ஐந்து நிமிட வேலை.

மண்துளை:

வாங்க, ஆனால் அது ரேடானைச் சொல்லாது. தரையிலிருந்து வரும் காமாக் கதிரைத்தான் எண்ணும். தோரியமும் பொட்டாசியமும் அதில் கலந்தே வரும். ஓர் இடத்தில் மட்டும் சத்தம் திடீரென்று எகிறினால், அங்கே அமாங் கொட்டியிருக்கிறார்களா என்று சந்தேகப்பட உதவும். அந்த அளவுக்குப் பயன் உண்டு.

குட்டைக்கரை:

அக்கா, அமாங் என்றால் ஈயம் எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்பு மணல்தானே? என் தாத்தா லம்பத்தில் (ஈயச் சுரங்கத்தில்) வேலை பார்த்தவர். கூலியோடு தகரத்தில் அதையும் கொண்டுவந்து கோழிக்கூட்டுத் தரைக்குப் போட்டதாக அம்மா சொல்வார்.

மண்துளை:

அதேதான். இல்மனைட், சிர்க்கான், மோனசைட், செனோடைம் எல்லாம் சேர்ந்த கலவை. மோனசைட்டில்தான் தோரியம் குவிந்திருக்கும். ஆனால் உங்கள் மனையில் இருக்கும் வெள்ளை மணல் அமாங் இல்லை. ஈயம் கழுவும்போது கனமான கனிமங்கள் பிரிந்துபோய், இலேசான படிகக்கல் மணல் வெளியே கொட்டப்பட்டது. அதில் ரேடியம் குறைவாகவே இருக்கக்கூடும். ஆனால் காற்று தங்குதடையின்றி ஓடும். செம்மண் நேர்மாறு: சரக்கு கூடுதல், வழி குறைவு. ஒரே மனையில் இரண்டும் இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது (உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும்).

செக் நாட்டு முறை இந்த இரண்டையும்தான் கேட்கிறது. மண்ணுக்குள் எவ்வளவு வாயு? அது எவ்வளவு சுலபமாக நகரும்?

ஒரு வீட்டு மனைக்குக் குறைந்தது 15 இடம். ஒவ்வோர் இடத்திலும் விரல் தடிமனுள்ள உள்ளீடற்ற இரும்புக் குழாயை 80 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுத்தியலால் இறக்க வேண்டும். முனையில் ஒரு கூரான இரும்புத் துண்டு தளர்வாகச் செருகியிருக்கும். ஆழம் வந்ததும் மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அந்த முனையைச் சில சென்டிமீட்டர் கீழே தட்டிவிடுவோம். அதற்கும் குழாய்க்கும் நடுவே சின்னப் பொந்து உண்டாகும். முனை மண்ணுக்குள்ளேயே போய்விடும், திரும்பக் கிடைக்காது. பிறகு பெரிய ஊசிக்குழலால் மண்வாயுவை இழுத்து, உள்சுவரில் துத்தநாக சல்ஃபைடு பூசிய கலத்துக்குள் விடுவோம். ஆல்ஃபாத் துகள் பட்டால் அது மினுக்கும், அந்த மினுக்கலை எண்ணுவதுதான் அளவு.

கையில் தெரியும் விஷயம் ஒன்று உண்டு. மணலில் ஊசிக்குழல் வெண்ணெய் மாதிரி வரும். களிமண்ணில் கைப்பிடி நம்மைத் திரும்ப உள்ளே இழுக்கும். கருவி எண் காட்டுவதற்கு முன்பே காற்றுபுகு திறன் பாதி தெரிந்துவிடும். எனக்கு ஒருமுறை இழுத்த இழுப்பில் வாயுவுக்குப் பதில் சேற்றுத் தண்ணீர் வந்து கலமே வீணானது. பேராசிரியர் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

கணக்கு வாத்தியார்:

15 எண் கிடைத்ததும் சராசரி எடுப்பார்களா?

மண்துளை:

இல்லை சார். சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கி, முக்கால் பங்குக்கு வரும் எண்ணை எடுப்பார்கள். 15இல் சுமாராகப் பன்னிரண்டாவது. ஒரே ஓர் இடம் எகிறியிருந்தால் அது முழு மனையையும் கெடுக்காது. அதே நேரத்தில் நல்ல எண்கள் கெட்டதை மூடி மறைக்கவும் முடியாது.

அந்த எண்ணைக் கன மீட்டருக்குக் கிலோபெக்கரலில் எழுதி, 1ஐக் கழியுங்கள். மண்ணின் காற்றுபுகு திறன் சதுர மீட்டர் அலகில், பத்தின் எதிர்மடியாக வரும். அந்த மடியிலிருந்து குறியை விட்டுவிட்டு 10ஐக் கழியுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மனையின் ரேடான் திறன். 10க்குக் கீழே தாழ்வு, 10 முதல் 35க்குள் நடுத்தரம், 35ம் அதற்கு மேலும் உயர்வு.

கணக்கு வாத்தியார்:

சரி, ஒரு பேச்சுக்குப் போட்டுப் பார்க்கிறேன். வாயு 40 என்று வைப்போம். மணல், மடி எதிர் 11 என்றால் 39ஐ 1ஆல் வகுக்க 39. உயர்வு. அதே 40, மடி எதிர் 13 உள்ள களிமண் என்றால் 39ஐ 3ஆல் வகுக்க 13. நடுத்தரத்தின் அடிவாசல். வாயுவின் அளவு மாறவே இல்லை, வகுப்பு மட்டும் மாறிவிட்டது. இதை அப்படியே படிவம் 4 பசங்களுக்கு மடக்கைக் கணக்காகக் கொடுக்கலாம் போலிருக்கிறது.

குட்டைக்கரை:

ஒரு நிமிடம் இருங்கள். 40 கிலோபெக்கரல் என்றால் 40,000. வீட்டுக்குள் 100ஐத் தாண்டக் கூடாது என்கிறீர்கள். மண்ணில் 40,000 இருக்கும் இடத்தில் மனிதன் எப்படிக் குடியிருப்பது? இன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை லா.

மண்துளை:

தூங்குங்கள் தம்பி. மண்வாயுவில் பல ஆயிரம் என்பது உலகம் முழுக்கச் சாதாரணம். அறைக் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு மண்வாயு கலந்தால் 40,000 என்பது 40 ஆகிவிடும். நூற்றில் ஒரு பங்கு கலந்தால் 400. அந்த ஒரு பங்கு ஆயிரத்திலா நூற்றிலா என்பதை மண் முடிவு செய்வதில்லை, உங்கள் மேஸ்திரிதான் முடிவு செய்கிறார்.

ஈப்போ மேஸ்திரி:

வந்துட்டேன். எல்லாப் பழியும் கடைசியில் எங்கள் தலையில்தான்.

20 வருடமாகப் பேராக் முழுக்க வீடு கட்டுகிறேன், ஒருவரும் ரேடான் என்று கேட்டதில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் ஓட்டைகள் எல்லாம் எனக்குத் தெரிந்த ஓட்டைகள். ஸ்லாப்புக்கும் சுவருக்கும் நடுவே மயிரிழை பிரியும். கழிவறைக் குழாய் ஏறும் இடத்தைச் சுற்றிச் சிமெண்டை அப்பிவிட்டு மேலே டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கறையான். வீடு கட்டி ஐந்தாறு வருடத்தில் மருந்தடிக்கும் ஆட்கள் வருவார்கள். சுவர் ஓரமாக அடிக்கு ஓர் ஓட்டை ஸ்லாப்பைத் துளைத்து மருந்தை இறக்குவார்கள். வீட்டைச் சுற்றி வரிசையாக ஓட்டை. போகும்போது மேலே மட்டும் வெள்ளைச் சிமெண்டு தடவிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

மண்துளை:

அண்ணே, இதை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. குளிர்நாட்டுப் பட்டியலில் கறையான் ஓட்டை இருக்காது. நூறு கும்பிடு.

டிக்டிக்:

அப்ப ரேடானும் தோரானும் ஒன்றா? அமாங் என்றால் தோரியம், தோரியம் என்றால் தோரான் என்று படித்தேன்.

மண்துளை:

அண்ணன் தம்பி மாதிரி. தோரானும் ரேடான்தான், 220 எடை உள்ளது. அதன் அரை ஆயுள் 56 வினாடி. தோரியம் மிகுந்த நம் மண்ணில் இதுதான் அளவுக்குப் பெரிய பொறி. வாயுவை இழுத்த உடனே எண்ணத் தொடங்கினால் தோரானின் மினுக்கலும் சேர்ந்துகொண்டு ரேடான் ஏகத்துக்கு இருப்பதாகக் காட்டும். குறைந்தது பத்து நிமிடம் விட்டால் தோரான் செத்துவிடும். துல்லியமாக வேண்டுமென்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, ரேடானும் அதன் வாரிசுகளும் சமநிலைக்கு வந்த பிறகு எண்ணுவார்கள். யாராவது மனைக்கு வந்து பத்தே நிமிடத்தில் எல்லாம் அளந்து முடித்துவிட்டேன் என்றால் இதைக் கேளுங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை மண்ணில் இருக்கும் தோரானுக்கு நான் பயப்பட மாட்டேன். 56 வினாடியில் மண்ணுக்குள் சில சென்டிமீட்டர்தான் நகர முடியும், ஸ்லாப்பைத் தாண்டி வருவதற்குள் ஆயுள் முடிந்துவிடும். அது உள்ளே வர வேண்டுமென்றால் சுவரிலேயே இருக்க வேண்டும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பூச்சுக்கு மணல் எங்கிருந்து வருகிறது?

ஈப்போ மேஸ்திரி:

பூச்சு மணல் ஆற்று மணல் என்று சொல்லித்தான் லாரி வரும். கையில் அள்ளினால் கறுப்புப் பொடி மினுங்கினால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். காரணம் கதிர்வீச்சு இல்லை, பூச்சில் கறை விழும் என்பதால்தான். இப்போது இன்னொரு காரணமும் கிடைத்தது.

பழைய கிராணி:

அமாங் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஈப்போ பக்கம் புக்கிட் மேராவில் அந்த மோனசைட்டிலிருந்துதான் அரிய மண் தனிமங்களைப் பிரித்தார்கள். அதன் கதிர்வீச்சுக் கழிவை எதிர்த்து ஊர் மக்கள் போட்ட வழக்கு வருடக் கணக்கில் நடந்தது. கோர்ட்டுக்கு நடந்தே போனார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, அடுத்த வருடம் மேல் நீதிமன்றம் அதை மாற்றியது, ஆனாலும் ஆலை 1994இல் மூடிவிட்டது. அதனால் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைக்காதீர்கள் பிள்ளைகளே. பயம் வேறு, கணக்கு வேறு. கணக்கைச் சொல்லுங்கள். லயத்தில் எங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

மண்துளை:

ஐயா, மன்னிக்கணும், கடன் வைத்திருந்தேன். நீங்கள் சின்ன வயதில் இருந்த லயம் தூணில் நின்றதா, தரையிலா?

பழைய கிராணி:

முதலில் தூண். கீழே கோழி, விறகு, சைக்கிள். பிறகு தரையோடு கட்டிக் கொடுத்தார்கள், சிமெண்டுத் தரை. ஆனால் சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் கடைசி வீடு வரை கேட்கும்.

மண்துளை:

அந்தச் சண்டை கேட்ட இடைவெளி வழியாகத்தான் ரேடானும் போய்விட்டது. தூண் வீட்டில் மண்ணுக்கும் பலகைக்கும் நடுவே காற்று ஓடியது. தரை வீட்டில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஓடியது. ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். இது பல வருடம் கழித்து நுரையீரலில் தெரிவது. அந்தக் காலத்தில் சுருட்டுப் பிடித்த தாத்தா இருமி இறந்தால் யாரும் காரணம் தேடவில்லை. அதே ரேடான் அளவில் புகைப்பவருக்கு ஆபத்து, புகைக்காதவரைவிடச் சுமார் 25 மடங்கு.

இப்போது தம்பி கட்டப்போகும் வீட்டை நினைத்துப் பாருங்கள். தரையோடு ஸ்லாப், மூன்று படுக்கையறை, மூன்று ஏர்கான், கொசுவுக்கும் திருடனுக்கும் பயந்து மூடிய கண்ணாடி ஜன்னல். சுவரில் மாட்டும் ஏர்கான் வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே குளிர்வித்துச் சுற்ற விடும். ராத்திரி எட்டு மணி நேரம் அந்தக் காற்றுதான். லயத்தில் இல்லாத பிரச்சினை தாமானில் (புதுக் குடியிருப்பில்) வருவது இப்படித்தான்.

கணக்கு வாத்தியார்:

செக் நாட்டில் குளிருக்கு மூடுகிறார்கள், நாம் வெயிலுக்கு மூடுகிறோம். அப்படியானால் அவர்கள் வைத்த எல்லைகள் நமக்கும் பொருந்துமே?

மண்துளை:

முறை பொருந்தும், எல்லை பொருந்தும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். இரண்டு காரணம்.

அங்கே பனிக்காலத்தில் வீட்டுக்குள் சூடு, வெளியே குளிர். சூடான காற்று மாடி வழியாக வெளியேறும், அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து மண்வாயுவை வீடே உறிஞ்சும். நம் வீட்டில் உள்ளேதான் குளிர். அந்த உறிஞ்சல் இங்கே ரொம்பக் குறைவு.

இரண்டாவது மழை. பின்னேரம் நான்கு மணிக்கு இடி இடித்துக் கொட்டினால் மேல்மண் ஊறி மூடி போட்ட மாதிரி ஆகிவிடும். கீழே வாயு தேங்கும். சுற்றிலும் ஈரம், காய்ந்திருப்பது உங்கள் ஸ்லாப்புக்கு அடியில் மட்டும். அது எந்தப் பக்கம் போகும்? ஈரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. ரேடியம் சிதையும்போது பிறக்கும் ரேடான் அணு பின்னுதைத்துப் பாய்கிறது. இடுக்கு காய்ந்திருந்தால் எதிரே உள்ள துகளுக்குள் போய்ப் புதைந்துவிடும். மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் அதிலேயே நின்று வாயுவோடு சேர்ந்துகொள்ளும். அதனால் ஓரளவு ஈரமான மண் காய்ந்த மண்ணைவிடக் கூடுதல் ரேடானை வெளியே விடும். ஒரே மனையை வெயில் நாளிலும் மழைக்கு மறுநாளும் அளந்தால் இரண்டு கதை சொல்லும். ஒரே நாளில் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு மனையை வாங்குவதோ விடுவதோ எனக்குச் சரியாகப் படவில்லை.

குட்டைக்கரை:

அப்ப நான் அளக்கவா வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் அக்கா, அப்பா பக்கத்தில் நின்று கேட்கிறார்.

மண்துளை:

அப்பாவுக்கு வணக்கம் சொல்லுங்கள். என் பணமாக இருந்தால், நான் மண்ணை அளக்க மாட்டேன். மனை உயர்வு என்றே வைத்துக்கொண்டு ஸ்லாப்பைக் கட்டிவிட்டு, குடிபோன பிறகு படுக்கையறையை அளப்பேன். நூறு வீடு கட்டும் நிறுவனமாக இருந்தால் என் பதில் மாறும். அங்கே எந்த மூலையில் கூடுதல் என்று தெரிந்தால் கோடிக்கணக்கில் மிச்சம், மண்ணை அளந்தே ஆக வேண்டும். ஒற்றை வீட்டுக்குத் தடுப்பு வேலையே அளவு வேலையைவிட மலிவாக முடியக்கூடும்.

ஸ்லாப்புக்கு அடியில் நான்கு அங்குலம் ஜல்லி, மண்துகள் கலக்காத வெறும் ஜல்லி. அதற்குள் துளை போட்ட நான்கங்குல பிவிசி குழாயைப் படுக்க வைத்து, ஒரு நுனியைச் சுவரோரமாகக் கூரைக்கு மேல் கொண்டுபோய் விடுங்கள். ஜல்லிக்கு மேல் தடிமனான பிளாஸ்டிக் விரிப்பு. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஓர் அடி ஏறியிருக்கட்டும், இணைப்பில் டேப். கம்பி கட்டும் ஆட்கள் அதன்மேல் நடந்து கிழிப்பார்கள், கான்கிரீட் ஊற்றும் முன் நீங்களே குனிந்து பாருங்கள். குழாய் ஏறும் ஒவ்வோர் இடத்திலும் நெகிழும் பசை. கறையான் மருந்தை ஸ்லாப் போடுவதற்கு முன்பே மண்ணில் அடித்துவிடுங்கள், பிறகு துளைக்க வேண்டி வராது.

ஈப்போ மேஸ்திரி:

விரிப்பை நாங்கள் ஈரத்துக்காக எப்படியும் போடுகிறோம். ஜல்லிக்குப் பதில் மணல் போடுவோம், அவ்வளவுதான் வித்தியாசம். குழாய் ஒன்று கூடுதல். சொன்னால் செய்துவிடலாம், யாரும் சொன்னதில்லை.

டிக்டிக்:

படுக்கையறையை எதால் அளப்பது? ரேடானை உறிஞ்சும் கரிப் பொட்டலம் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே.

மண்துளை:

கரி இரண்டிலிருந்து ஏழு நாளில் முடிந்துவிடும், ஆனால் நம் ஈரப்பதத்தில் தண்ணீரையும் சேர்த்துக் குடித்து ரேடானுக்கு இடமில்லாமல் செய்துவிடும். எனக்கு நம்பிக்கை பிளாஸ்டிக் சில்லில்தான். நகம் அளவு இருக்கும். ஆல்ஃபா பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். மூன்று மாதம் அறையில் வைத்துவிட்டு அனுப்பினால், காரக் கரைசலில் ஊறவைத்துக் கீறலைப் பெரிதாக்கி எண்ணுவார்கள். ஏர்கான் போட்டுத் தூங்கும் அறையில், தலையணை உயரத்தில் வையுங்கள். வரவேற்பறையில் வைத்துவிட்டு எண் நன்றாக இருக்கிறது என்று மகிழ வேண்டாம். எண் கூடுதலாக வந்தால் கூரைக் குழாயில் சின்ன விசிறி ஒன்றை மாட்டிவிட்டால் போதும், ஸ்லாப்புக்கு அடியிலிருந்தே உறிஞ்சி எடுத்துவிடும். குழாயை முன்கூட்டியே பதிப்பது அதற்காகத்தான்.

குட்டைக்கரை:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்று ஸ்லாப் போட்டாயிற்று. விரிப்பில் மூன்று கிழிசல் இருந்தது, ஒட்டினோம். மேஸ்திரி முதலில் சிரித்தார், பிறகு அவரே டேப்பைக் கையில் வாங்கிக்கொண்டார். டிக்டிக் அண்ணன் கருவியோடு வந்து செம்மண், மணல் இரண்டிலும் நடந்தார், எங்கும் எகிறவில்லை. அம்மா அவருக்கு நாசி லெமாக் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

குழாய் மட்டும் இப்போதைக்குத் தலை உயரத்தில் மொட்டையாக நிற்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் அப்பா அதன்மேல் துண்டைக் காயப்போட்டிருக்கிறார்.

ஈப்போ மேஸ்திரி:

துண்டு பரவாயில்லை. வாயைச் சிமெண்டுச் சாக்கால் கட்டி வையுங்கள், மழைத் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கிவிடப் போகிறது. கூரை போட்டதும் அவிழ்க்க மறக்க வேண்டாம்.

பழைய கிராணி:

குழாயில் ‘ரேடான்’ என்று பெயிண்டால் எழுதி வை தம்பி. இல்லையென்றால் பத்து வருடம் கழித்து யாராவது அதில் சமையலறைத் தண்ணீரை இணைத்துவிடுவான்.